இலை போன காராமணிக்கு நாலு களை

நான் பெருமை பேசப் போகிறேன். முதலிலேயே சொல்லிவிட்டால் நல்லது. பிடிக்காதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். எழுபதைத் தாண்டிய ஒருத்தி, ஐம்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு போகம் காராமணி எடுத்ததைச் சொல்லி இன்னும் பெருமைப்படுகிறாளே என்று என் பிள்ளைகளே சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்கள் அந்தக் கொல்லையில் குனிந்தவர்கள் இல்லை.

நான் பிறந்தது கீழ்பென்னாத்தூர் பக்கம். ஏரித் தண்ணீர், நெல், சேறு. கட்டிக்கொண்டு வந்தது அடி அண்ணாமலைக்கு. இங்கே மலையடிவாரத்துச் செம்மண், மழையை நம்பிய மேட்டு நிலம். அதைக் கொல்லை என்பார்கள். என் வீட்டுக்காரரும் அவருடைய அண்ணனும் பாகம் பிரித்தபோது, மலை சுற்றும் பாதையை ஒட்டிய துண்டு எங்களுக்கு வந்தது. பிரித்த மறு வருஷமே அவர் பட்டாளத்தில் சேர்ந்து வடக்கே போய்விட்டார். எழுபதுகளின் நடுவில் எங்கள் பக்கத்தில் அது சாதாரணம். வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருந்தார்.

என் மூத்தாரான அந்த அண்ணன் வந்து, "கொல்லையை நான் ஓட்டிக்கிறேன், வெளையறதுல பாதி உனக்குக் குடுத்துடறேன்" என்றார். கெட்ட மனுஷர் இல்லை. நியாயமாகத்தான் கேட்டார். ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை. சொந்தக் கொல்லை இருந்தும், அவர் பெண்சாதியான ஓரகத்தி வீட்டு வாசலில் முறத்தை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டுமா?

"நானே பண்றேன் மாமா. ஏர் மட்டும் ஓட்டிக் குடுங்க, போதும்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "நீ நெல்லு ஊருப் பொண்ணு. சேத்துல நிக்கத் தெரியும். கொல்லை வெள்ளாமையைப் பத்தி உனக்கு இன்னா தெரியும்?"

"கத்துக்கறேன்."

"சரி, ஒரு போகம் பாரு. நல்லா வந்தா உன் கொல்லை உன் கையில. வீணாப் போச்சுன்னா அப்புறம் நான்தான் ஓட்டுவேன். பேச்சு மாறக்கூடாது."

என் வீட்டுக்காரருக்கு எழுதினேன். அண்ணன் சொன்னபடியே செய் என்று பதில் வந்தது. ஆக, எனக்கென்று ஒரு நிலம் இருக்குமா இருக்காதா என்பதற்குக் கெடு ஒரே ஒரு போகம்.

ஆனி மாதம் நல்ல மழை. மூத்தார் சொன்ன சொல் தவறாமல் தன் கொல்லையை ஓட்டிய கையோடு என் கொல்லையையும் ஓட்டிக் கொடுத்தார். இரண்டிலும் காராமணிதான். நாலாம் நாள் முளைத்தது. தினமும் காலையில் போய்ச் சால் சாலாகப் பார்ப்பேன். முதல் மூன்று இலை விரிந்தபோது ஊருக்கெல்லாம் கூப்பிட்டுக் காட்டலாம் போல இருந்தது. பாதையில் போகிறவர்கள் வேண்டுமென்றே நின்று பார்க்கிறார்கள் என்றுகூட நினைத்துக்கொண்டேன். அத்தனை ஆசை.

பதினைந்தாம் நாள் கம்பளிப்பூச்சி இறங்கியது.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அதை விவரிக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். செம்பழுப்பு மயிர் சிலிர்த்த புழு, ஆயிரக்கணக்கில், மலைச்சரிவுப் பக்கமிருந்து தரையோடு தரையாக நகர்ந்து வரும். கொல்லையில் நின்றால் தூறல் விழுகிற மாதிரி ஓயாத சத்தம் கேட்கும். அது இலை தின்கிற சத்தம். நானும் ஓரகத்தியும் குறுக்கே பள்ளம் வெட்டி, விழுந்த புழுவை மண் தள்ளி மூடினோம். இரண்டு பேர் எவ்வளவு வெட்ட முடியும்? பாதையோரம் புளியமரத்தடியில் ஒரு பத்துச் சால் தப்பியது. மற்றதெல்லாம் நாலு நாளில் காம்பும் குச்சியுமாக நின்றது. மூத்தார் கொல்லையும் அப்படியே.

மலை சுற்ற வந்த டவுன்காரர் ஒருவர் பாதையில் நின்று, "இன்னாம்மா, குச்சி நட்டு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். வேடிக்கைக்குக் கேட்டாரா, தெரியாமல் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. அழுகையாக வந்தது. அவர் தலை மறையும் வரைக்கும் குனிந்தே நின்றேன்.

சாயங்காலம் மூத்தார் வந்து வரப்பில் நின்றார். "இது தேறாது. நாளைக்கு மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்பு கட்டறாங்க. எட்டு நாள் கழிச்சு, காப்பு அவுத்த மறுநாளே ரெண்டு கொல்லையையும் ஓட்டிட்டுக் கொள்ளு வெதச்சிடறேன்" என்றார். வெதச்சிடறேன் என்றார், வெதச்சிடலாம் என்று சொல்லவில்லை. என் போகம் முடிந்துவிட்டது என்று அவர் கணக்கு. எங்கள் ஊரில் எல்லாரும் செய்வது அதுதான். இலை போன காராமணியை உழுதுவிட்டுக் கொள்ளு போடுவார்கள். திரும்பத் துளிர்க்குமா என்று யாரும் காத்திருந்ததில்லை.

அவர் போன பிறகு நான் சாலில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்ததால்தான் பார்த்தேன். இலை போன ஒவ்வொரு கணுவிலும், காம்பு ஒட்டுகிற இடுக்கில், அரிசிக் குருணை அளவுக்குப் பச்சையாக ஒரு மொட்டு இருந்தது. இந்தச் செடியில் இருக்கிறது, அடுத்ததிலும் இருக்கிறது. செடி சாகவில்லை. தின்கிறதைத் தின்றுவிட்டுப் போ என்று பொறுத்துக்கொண்டு நின்றிருந்தது.

இன்னொன்றும் பார்த்தேன். தப்பித்த பத்துச் சாலில் இலையைத் தூக்கினால் கீழே மண் குளிர்ந்திருந்தது. அங்கே முளைத்த களை நூல் மாதிரி வெளுத்துச் சோர்ந்திருந்தது. அதே மழையில், அதே நாளில் முளைத்த களை, இலை போன இடத்தில் விரல் நீளத்துக்கு வளர்ந்து வெயிலைக் குடித்துக்கொண்டிருந்தது. பண்ணைக்கீரை, சாரணை, கோரை. பாழாய்ப்போன புழு காராமணியைச் சுத்தமாக வழித்துவிட்டு, கோரையை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. களையை நம் கைதான் அடக்குகிறது என்று அதுவரை நினைத்திருந்தேன். பாதி வேலையை இலை செய்துகொண்டிருந்திருக்கிறது. இலை போனதும் அந்தப் பாதியும் என் தலையில் விழுந்திருக்கிறது.

எட்டு நாள் சும்மா விட்டால் மொட்டு விரிவதற்குள் களை மூடிவிடும். மூத்தார் ஓட்ட வரும்போது அங்கே காராமணி இருக்காது. ஆனால் காப்புக் கட்டினால் ஊரில் யாரும் ஏர் பூட்டக்கூடாது, கொல்லையில் இரும்பு படக்கூடாது. மாரியம்மன் மண்ணில் இறங்கியிருக்கிறாள், மண்ணைக் கொத்தினால் அவள் மேல் படும் என்பார்கள். களைக்கொத்தைக் கழுவி, மஞ்சள் தடவி, மூலையில் சாத்திவிடுவோம். மேட்டு நிலத்துக்காரர்களுக்குக் களைக்கொத்து இல்லாமல் களை எடுப்பது என்று ஒன்று இருப்பதே தெரியாது. காய்ந்த செம்மண்ணில் கையால் பிடுங்கினால் தலை கையோடு வரும், வேர் உள்ளேயே நிற்கும்.

காப்புக் கட்டிய அன்று மத்தியானம் மழை கொட்டியது. ஆத்தா மனசு குளிர்ந்தாள் என்று ஊரே கும்பிட்டது. நானும் கும்பிட்டேன். கும்பிட்டுவிட்டு ஓடிப்போய்க் கொல்லையில் ஒரு கோரையைப் பிடித்து இழுத்தேன். கிழங்கோடு வந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஊர் நெல் வயலில் பெண்கள் எந்த இரும்பை வைத்துக்கொண்டு களை எடுக்கிறார்கள்? சேற்றில் கையை விட்டு, வேரைத் தடவி, ஒரு திருகு திருகி இழுப்போம். பத்து வயசிலிருந்து செய்த வேலை. நெல்லு ஊருப் பொண்ணு என்று என்னைச் சொன்னார்களே, அந்த நெல்லு ஊர்க் கை என் தோளில்தான் இருந்தது.

மறுநாள் காலையில் தனியாக ஆரம்பித்தேன். பாதையில் போன பக்கத்துக் கொல்லைக்காரி, "ஏன்மா, பொணத்துக்குத் தலை வாருறியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அவளுக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை.

ஆனால் யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள். வெயில் ஏறும் முன்னே பூசாரி வந்துவிட்டார். மஞ்சள் வேட்டி, கையில் வேப்பிலைக் கொத்து.

"காப்பு கட்டியிருக்குது. கொல்லையில இன்னாம்மா வேலை?"

இரண்டு கையையும் நீட்டிக் காட்டினேன். "இரும்பு இல்லைங்க. கையாலதான் எடுக்கறேன்."

அவர் என் கையைப் பார்த்தார். பிறகு என்னைச் சுற்றி மண்ணைப் பார்த்தார், ஏதாவது ஒளித்து வைத்திருக்கிறேனா என்று. "இதுவரைக்கும் யாரும் இப்படிப் பண்ணதில்லையே."

"பண்ணக்கூடாதுன்னு இருக்குதுங்களா?"

"இரும்பைத்தான் ஆத்தா வேணாம்னா. கையை வேணாம்னு சொல்லல" என்றார். பிறகு நான் குவித்து வைத்திருந்ததைப் பார்த்து, "பண்ணைக்கீரை நல்லா இருக்குதே. கூழுக்கு ஆவும், ஒரு கூடை அனுப்பு" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வருஷம் கோயில் கூழுக்குத் தொட்டுக்கொள்ளக் கொடுத்த கீரை முழுக்க என் கொல்லைக் களை. அதைத் தின்றவர்களில் பாதிப்பேர் என்னைக் கிண்டல் பண்ணியவர்கள் என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கீரை அனுப்பச் சொன்னது இன்னொரு விதத்திலும் உதவியது. அடுத்த நாள் ஓரகத்தி கூடையோடு வந்து நின்றாள். "கீரை பறிக்க வந்தேன் தங்கச்சி. அவர் கேட்டா அதைத்தான் சொல்லுவேன்" என்றாள். கீரை பறிக்க வந்தவள் கோரையையும் சாரணையையும் சேர்த்தே பறித்தாள். சாயங்காலம் வரைக்கும் பறித்தாள். தன் புருஷன் ஓட்டப்போகிற கொல்லையில் அவள் எதற்காக எனக்குக் குனிந்தாள் என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. அவளும் பெண்ணுக்குப் பாகம் கொடுக்காத ஒரு வீட்டிலிருந்து வந்தவள்தான்.

ஈரம் மூன்று நாள் இருந்தது. அந்த மூன்று நாளில் முக்கால் கொல்லை முடித்தோம். மீதியை விடிகாலை ஈரப்பதத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். விரல் நுனி பிளந்து, சாப்பாட்டில் உப்பு பட்டால் எரிந்தது. அதற்குள் மொட்டெல்லாம் விரிந்து, ஒவ்வொரு கணுவிலும் சின்னச் சின்னதாக மூன்று இலை நின்றது. வெறும் மண்ணில் பச்சைப் புள்ளி வைத்த மாதிரி தெரிந்தது. பார்க்கப் பார்க்கத் திகட்டவில்லை.

காப்பு அவிழ்த்த மறுநாள் காலையில் மூத்தார் காளைகளோடு வந்தார். நான் அவருக்கு முன்னாலேயே போய் வரப்பில் நின்றிருந்தேன். கெஞ்சக் கூடாது என்று முடிவு பண்ணியிருந்தேன். அவர் கொல்லைக்குள் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தார். ஒரு செடியைக் குனிந்து பார்த்தார். அப்புறம் இன்னொன்றை. திரும்பித் தன் கொல்லையைப் பார்த்தார். அங்கே களை ஒரு சாணுக்கு மேல் ஏறியிருந்தது. உள்ளே காராமணிக் குச்சி இருப்பதே தெரியவில்லை.

"எப்படியும் காய் கம்மியாத்தான் இருக்கும்" என்றார்.

"இருக்கட்டும் மாமா. போகம் இன்னும் முடியலையே."

காளைகளைத் தன் கொல்லைக்கு ஓட்டிப் போனார். அன்றைக்கே உழுது கொள்ளு விதைத்தார்.

இதோடு கதை முடிந்திருந்தால் நான் சாமர்த்தியக்காரி என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். என் முட்டாள்தனத்தையும் சொல்ல வேண்டும். காராமணிக்கு இரண்டு களை என்பது ஊர் வழக்கம். முதல் களை கையால் ஆயிற்று. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துக் களைக்கொத்தால் இரண்டாவது களையும் வெட்டினேன். வழக்கமாக அதற்குமேல் இலை கோத்துக்கொள்ளும், மண்ணில் வெயில் விழாது, களை தானாக அடங்கிவிடும். வேலை முடிந்தது என்று கையை வீசிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். போன இடத்தில் என் சாமர்த்தியத்தைப் பற்றி வாய் ஓயாமல் பேசினேன். பத்து நாள் இருந்தேன்.

திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தபோதே தூரத்தில் தெரிந்தது. பண்ணைக்கீரை காராமணியைத் தாண்டித் தலையைத் தூக்கி, ரோஜா நிறத்தில் பூத்து ஆடிக்கொண்டிருந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. நான் ஓட ஆரம்பித்தேன்.

புளியமரத்தடிப் பத்துச் சாலில் களை இல்லை. அங்கே இலை எப்போதோ கோத்துவிட்டது. மற்ற இடத்தில் செடி இலையைத் திரும்பக் கட்டுவதற்கே அத்தனை நாளும் செலவழித்திருக்கிறது. சாலுக்குச் சால் இன்னும் ஒரு முழம் வெறும் மண். வெறும் மண் இருக்கும் வரைக்கும் களைக்கு வீடு உண்டு. ஊர் சொன்ன இரண்டு களை என்பது முழு இலையோடு வளர்ந்த செடிக்கான கணக்கு. அதை இலையைப் பறிகொடுத்த செடிக்குப் போட்டது என் தப்பு. ஊர்க்காரர்கள் பார்க்காமலே சொல்கிறார்கள் என்று அம்மா வீட்டில் அத்தனை திமிராகப் பேசிய நானும் பார்க்காமல்தான் போயிருந்தேன்.

அன்று நான் வீட்டுக்குப் போகவில்லை. துணிப்பையைப் புளியமரத்தில் மாட்டிவிட்டு, பக்கத்துக் கொல்லையில் களைக்கொத்தைக் கேட்டு வாங்கி இறங்கினேன். ஓரகத்தி இந்தத் தடவை கீரைக் கூடை எடுத்து வரவில்லை. களைக்கொத்தோடு நேராகவே வந்தாள். மண் இறுகியிருந்தது. கொத்துகிற ஒவ்வொரு கொத்துக்கும் என்னையே திட்டிக்கொண்டேன். மூன்றாவது களை முடிய ஆறு நாள் ஆனது. அதற்குப் பிறகு தினமும் காலையில் நான் பார்த்தது ஒன்றுதான்: எதிரெதிர்ச் சாலின் இலைகள் தொட்டுக்கொண்டனவா? தொடாத இடத்தில் நாலாவது களை. நாள் கணக்கையும் களைக் கணக்கையும் விட்டுவிட்டேன். தரை மறைந்த அன்றைக்குத்தான் களைக்கொத்தைக் கீழே வைத்தேன்.

காய் தாமதமாகத்தான் வந்தது. ஊரில் தப்பித்த ஒன்றிரண்டு கொல்லைகளில் அறுத்து முடித்த பிறகு என் கொல்லை பூத்தது. கம்மியும்தான், மூத்தார் சொன்னது அதில் உண்மை. ஆனால் புழு தின்ற கொல்லைகளில் அந்த வருஷம் காராமணி என்று ஏதாவது வீட்டுக்கு வந்தது என் கொல்லையிலிருந்து மட்டும்தான். களத்தில் காய வைத்து அடித்துத் தூற்றியபோது பாதையில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். இந்தத் தடவை உண்மையாகவே நின்று பார்த்தார்கள். நான் தேவைக்கு மேல் இரண்டு நாள் கூடுதலாகவே காய வைத்தேன்.

மூத்தார் களத்துக்கு வந்தார். ஒரு கை அள்ளி, ஊதிப் பார்த்து, ஒன்றைக் கடித்தார். மீதியைக் குவியலில் போட்டுவிட்டுப் போய்விட்டார். நல்லா வந்தது என்றும் சொல்லவில்லை, வீணாப் போச்சு என்றும் சொல்லவில்லை. அவர் கொள்ளும் நன்றாகத்தான் விளைந்திருந்தது. மாசக் கணக்கில் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். ராத்திரி தூக்கம் பிடிக்காமல் போனது உண்டு. வெளியே மட்டும் மிடுக்காக நடந்தேன்.

அடுத்த ஆனியில் மழை பெய்து ஓய்ந்த மறுநாள். விதைக் காராமணியை மடியில் கட்டிக்கொண்டு கொல்லைக்குப் போனேன். ஏருக்கு யாரைக் கேட்பது என்று எனக்கே தெரியாது. பெண்கள் ஏர் தொடுகிற வழக்கம் இல்லை. மூத்தார் ஓட்ட வந்தால் அது அவர் வெள்ளாமையாக வருமா, என் வெள்ளாமையாக வருமா என்பதும் தெரியாது. புளியமரத்தடியில் காளைகள் ஏற்கெனவே பூட்டி நின்றன. அவர் ஏரின் மேழியைப் பிடித்தபடி பாதையிலேயே நின்றிருந்தார். கொல்லைக்குள் கால் வைக்கவில்லை.

"எந்தப் பக்கத்துல இருந்து ஓட்டணும், சொல்லும்மா" என்றார்.

வடக்கு மூலையைக் கையால் காட்டினேன். அவர் காளைகளை அங்கே கொண்டுபோய் நிறுத்தி, நான் வருகிற வரைக்கும் காத்திருந்தார். ஏர் கிளம்பியது. பின்னாலேயே நடந்து, திறந்த சாலில் விதையைப் போட்டுக்கொண்டே போனேன். அந்த வருஷம் விதையை நெருக்கமாகப் போடுவது என்று முடிவு பண்ணியிருந்தேன். புழு வந்தாலும் வராவிட்டாலும் இலை சீக்கிரம் கோக்க வேண்டும். அவரோ எப்போதும் போல வேகமாக ஓட்டினார்.

"மாமா, கொஞ்சம் மெதுவா ஓட்டுங்க" என்றேன்.

மூத்தார் திரும்பிப் பார்க்கவில்லை. கயிற்றை இழுத்துக் காளைகளின் நடையைக் குறைத்தார்.